ஆட்டோமேட்டிக் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாமா?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நண்பர்களே, டார்க் கன்வெர்ட்டர் படம் வரையச் சொன்னால் நம் வகுப்பில் வரையத் தெரியாதவர் யாரும் இல்லை. இம்பெல்லர், டர்பைன், நடுவில் ஸ்டேட்டர், சுற்றிலும் நாலு அம்புக்குறி, கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு... மார்க் உறுதி! ஆனால் அந்த அம்புக்குறிகள் காட்டுகிற எண்ணெய் என்ன நிறம், எத்தனை லிட்டர், அதை எப்படி அளப்பது என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவன்தான். அப்படி முழித்ததில் ஒரு நல்ல காரையே கெடுத்திருப்பேன். அந்தக் கதையோடு சேர்த்தே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கார் எங்கள் சித்தப்பாவுடையது. 2001 மாடல் ஹோண்டா சிட்டி, நாலு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "ஆட்டோமேட்டிக் கேக்குதோ துரைக்கு!" என்று தெருவில் கிண்டல் செய்தவர்கள் உண்டு. சித்தப்பாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆத்தூரிலிருந்து சேலத்துக்கு தினமும் வேலைக்குப் போய்வர அந்தக் கார் இருந்தால் யார் தயவும் வேண்டாம். இல்லையென்றால் பஸ் படிக்கட்டு. அவ்வளவுதான் விஷயம்.

போன வருடம் அந்தக் கார் நடுங்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், கடைசி கியரில், ஆக்சிலேட்டரை லேசாக வைத்துக்கொண்டு சீராகப் போகும்போது மட்டும், டோல்கேட்டுக்கு முன்னால் ரோட்டில் வரிசையாகப் போட்டிருப்பார்களே வெள்ளைப் பட்டைகள், அவற்றின் மேல் ஏறிப் போவது போல ஒரு 'டர்ர்ர்'. இரண்டு மூன்று விநாடிதான். பிறகு சரியாகிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "பாக்ஸை இறக்கணும் சார். முக்கால் லட்சம் ஆகும். இல்லேன்னா வந்த விலைக்குத் தள்ளிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டால் அவர் வேறு மாதிரி பயமுறுத்தினார். "எது வேணா செய்ங்க, ஆயிலை மட்டும் தொட்டுடாதீங்க. பழைய ஆயில்லதான் அது ஓடிக்கிட்டிருக்கு. புதுசு ஊத்தினா அன்னிக்கே நின்னுடும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீ இதைத்தானேடா படிக்கிறே?" என்றார்.

அது என்ன எண்ணெய்?

சாதாரண கியர் பெட்டியில் ஊற்றும் 90-ம் நம்பர் கியர் ஆயிலுக்கு ஒரே வேலை. பல்லும் பல்லும் உரசித் தேயாமல் பார்த்துக்கொள்வது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஊற்றும் எண்ணெயை ஏ.டி.எஃப். என்கிறார்கள். அதற்கு ஓய்வே கிடையாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினின் சக்தியைச் சக்கரத்தின் பக்கம் கொண்டுபோவதே இதுதான். நாம் கிளட்ச் மிதித்து, கையால் கியர் போடுகிற வேலையை இங்கே எண்ணெயின் அழுத்தம் செய்கிறது. வால்வுகளின் வழியாகப் போய் பிஸ்டனைத் தள்ளி, கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது. அந்தத் தகடுகள் எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. சூடானால் ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் கூலருக்குப் போய் ஆறிவிட்டு வருவதும் அதே எண்ணெய்தான்.

இதில் ஒரு முரண் இருப்பதைக் கவனித்தீர்களா? வழுக்குவதற்காகவே இருக்கிற பொருள் எண்ணெய். அதில் நனைந்த தகடுகள் வழுக்காமல் பிடிக்க வேண்டும்! பிடிக்கும்போதும் 'டக்'கென்று உதைக்காமல் மெதுவாகப் பிடிக்க வேண்டும். இதற்காகவே உராய்வைச் சரிப்படுத்தும் மருந்துகளை எண்ணெயில் கலக்கிறார்கள். ஏ.டி.எஃப்.பின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் 'ஹைட்ரா-மேட்டிக்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு முப்பது வருடம் போல, அந்த நாட்டு ஆட்டோமேட்டிக் கார்கள் வழுக்காமல் ஓடியதில் திமிங்கலத்துக்கும் பங்கு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அங்கே திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்தது. பிறகுதான் செயற்கை மருந்துகளைத் தேடி ஓடினார்கள்.

சிவப்பு நிறம் வெறும் சாயம். எஞ்சின் ஆயிலோடு குழம்பிவிடக் கூடாது, கீழே சொட்டினால் எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்ப்பது. நிறம் லேசாக மங்கியதாலேயே எண்ணெய் கெட்டது என்று அர்த்தம் இல்லை.

நடுக்கம் ஏன் வந்தது?

டார்க் கன்வெர்ட்டரில் இம்பெல்லர் சுற்றுகிற வேகத்துக்கு டர்பைன் சுற்றாது, கொஞ்சம் பின்தங்கும். பின்தங்குவது அத்தனையும் வெப்பமாக வீணாகிறது, பெட்ரோலும் வீண். அதனால் சீரான வேகம் வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட உள்ளே ஒரு கிளட்ச் இருக்கிறது. அதற்கு லாக்-அப் கிளட்ச் என்று பெயர். அது பூட்டுகிற நேரத்தில், எண்ணெயில் உள்ள மருந்து தீர்ந்து போயிருந்தால், வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து அதிரும். கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்து இழுத்தால் 'கிரீச்' என்று துள்ளித் துள்ளிப் போகும் பாருங்கள், அதே சங்கதிதான்.

இது லாக்-அப் நடுக்கமா, வேறு எதுவுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நடுங்கும்போது, வலது கால் ஆக்சிலேட்டரிலேயே இருக்க, இடது காலால் பிரேக் பெடலைப் பட்டும் படாமல் தொட வேண்டும். பிரேக் விளக்கு எரிகிற அளவுக்குத் தொட்டால் போதும். பிரேக் ஸ்விட்ச் போனதும் லாக்-அப் விடுபட்டுவிடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில், பின்னால் வண்டி எதுவும் வராதபோதுதான் இதைச் செய்ய வேண்டும். சித்தப்பாவால் செய்ய முடியாது என்பதால் நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொட்டேன்... நின்றது. மூன்று முறையும் நின்றது.

டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தோம். கடுங்காப்பி நிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. மோந்து பார்த்தால் தீய்ந்த வாடை இல்லை. வண்டி 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கியர் பெட்டி ஆயில் மாற்றியதற்கான பில் பழைய காகிதங்களில் ஒன்றுகூட இல்லை.

இந்தச் சோதனையை எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். தீய்ந்த வாடையும் கருப்பு நிறமுமாக இருந்து, கியர் விழும்போது எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகரத் தயங்கினால், தகடுகள் ஏற்கெனவே எரிந்துவிட்டன என்று பொருள். புது எண்ணெய் ஊற்றித் தேய்ந்த தகட்டை வளர்க்க முடியாது. எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தால் அது இன்னும் மோசம். கூலர் உடைந்து ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் எண்ணெய் மட்டும் மாற்றுவது வீண் செலவு.

"புதுசு ஊத்தினா நின்னுடும்" என்ற பயம் பிறந்த இடமும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பெட்டி வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரும்பாலானவர்களுக்கு எண்ணெய் ஞாபகமே வருகிறது. மாற்றுகிறார்கள், ஒரு வாரத்தில் நிற்கிறது. பழி எண்ணெய் மேல்! மெஷினை வைத்து அழுத்தம் கொடுத்து மொத்தமாகக் கழுவித் தள்ளுவதும் பழைய பெட்டிக்கு ஆபத்துதான். மூலையில் படிந்து கிடந்த கசடு கிளம்பி வால்வில் போய் உட்காரும். ஆனால் வழுக்காத பெட்டியில், கீழே உள்ள பிளக்கைக் கழற்றித் தானாக வடிகிறதை மட்டும் வடித்து, வடிந்த அளவுக்குப் புதுசு ஊற்றினால் பயப்பட ஒன்றும் இல்லை. ஹோண்டாவின் முறையும் வடித்து ஊற்றுவதுதான்.

எந்த எண்ணெய்?

"சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார்கள் கடையில். கேட்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் தகட்டுக்கும் ஒவ்வொரு மருந்துக் கலவை. பழைய ஹோண்டாவுக்கு இசட்-1 என்று இருந்தது. அதற்குப் பதிலாக இப்போது டிடபிள்யூ-1 வருகிறது, பழைய பெட்டிக்கும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் சான்ட்ரோவுக்கு எஸ்.பி.-3 வகை. பழைய டொயோட்டாக்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை. அவசரத்துக்கு ஹோண்டாவில் டெக்ஸ்ரான்-3 ஊற்றி ஓட்டலாம் என்று அந்தக் காலத்துக் கையேடுகள் அனுமதித்தன, ஆனால் தொடர்ந்து ஓட்டினால் கியர் விழுவது கெடும் என்ற எச்சரிக்கையோடு.

இன்னொரு குழப்பமும் உண்டு. சிட்டியிலேயே 2003-க்குப் பிறகு வந்த அடுத்த தலைமுறை ஆட்டோமேட்டிக், கியரே இல்லாத சி.வி.டி. அதற்குத் தனி எண்ணெய். 2014-ல் மாருதி செலேரியோவில் தொடங்கிப் பரவிய ஏ.எம்.டி. வண்டிகளோ உள்ளுக்குள் சாதாரண கியர் பெட்டிதான். கிளட்ச்சையும் கியரையும் மெஷின் போடுகிறது, அவ்வளவே. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் இரண்டே பெடல். எண்ணெய் மூன்றுக்கும் வேறு வேறு. வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

வேலை

சொல்லப்போனால் வேலை எஞ்சின் ஆயில் மாற்றுவதைவிடக் கஷ்டம் இல்லை. ஒரு பத்து நிமிடம் வண்டியை ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, கை பொறுக்கிற அளவுக்கு ஆற விட்டோம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லிவிட்டு உடையாது.

அடியில் போனால் இரண்டு பிளக் தெரியும். சாதாரண ஆறுபட்டைத் தலை உள்ளது எஞ்சினுடையது. நடுவில் சதுரக் குழி உள்ளதுதான் கியர் பெட்டியுடையது. 3/8 அங்குல ராட்செட்டின் நுனியை சாக்கெட் மாட்டாமல் நேராகச் செருகினால் அப்படியே பொருந்தும். இது தெரியாமல் எஞ்சின் ஆயில் என்று நினைத்து ஏ.டி.எஃப்.பை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் நாலு லிட்டர் ஊற்றிய கதைகள் ஏராளம். சிவப்பாக வந்தால் அங்கேயே நிறுத்தி யோசிக்கலாம். பழைய எண்ணெய் கருத்துப் போயிருக்கும் என்பதுதான் சிக்கல்.

வடிந்து முடிய ஒரு கால் மணி நேரம் விடுங்கள். வடிந்ததை ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊற்றி அளந்து வையுங்கள். இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்! எங்களுக்கு 2½ லிட்டர் வந்தது.

பிளக்கின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல, விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கும் பசை ஒட்டியிருந்தால் அது வயதுக்கு உரிய தேய்மானம்தான். பளபளவென்று செதில்களோ ஊசித் துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. எங்கள் காந்தத்தில் சுண்டைக்காய் அளவுக்குப் பசை இருந்தது, செதில் இல்லை. சித்தப்பா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பசையை விரலில் எடுத்து ரொம்ப நேரம் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைப்பதற்கு நம் ஒர்க்‌ஷாப் வழக்கப்படி பனியன் வேஸ்ட்டை எடுக்காதீர்கள். அதன் நூல் பிசிறு ஒன்று உள்ளே போனால் போதும், வால்வுகளின் இடைவெளி அவ்வளவு நுணுக்கம். பல தடவை துவைத்து மெலிந்த, பிசிறு விடாத பழைய வேட்டித் துணி நல்லது. பிளக்குக்கு ஒரு புது அலுமினிய வாஷர் போட்டு முடுக்க வேண்டும். முடுக்கு விசை 49 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு நம் மெக்கானிக்ஸ் பாடம் கை கொடுக்கும். ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 16½ கிலோ விசை. அரிசி மூட்டையைத் தூக்குகிற பலத்தைக் காட்டினால் அலுமினியப் பெட்டியின் மரை போய்விடும்.

டிப் ஸ்டிக் துவாரம் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். வாய் குறுகலானது, நீளக் கழுத்துப் புனல் தேவை. இந்த ஹோண்டா பெட்டியில் கழற்றுகிற மாதிரி அடித்தட்டு கிடையாது. சல்லடை உள்ளேயே இருக்கிறது, பெட்டியைப் பிரித்தால்தான் கைக்கு வரும். பல வண்டிகளில் அடித்தட்டும் ஃபில்டரும் கழற்றலாம், அதற்கு கேஸ்கெட் வேண்டும். சில பழைய டொயோட்டா மூன்று கியர் பெட்டிகளில் டிஃபரென்ஷியலுக்கே தனி அறை, தனி பிளக். அதையும் வடிக்க வேண்டும்.

2½ லிட்டர் வந்தது, 2½ லிட்டர் ஊற்றினேன். இங்கேயே கையைக் கழுவியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நான் செய்த தப்பு

அளவு பார்க்க ஒரு பழைய சர்வீஸ் புத்தகம் வைத்திருந்தேன். டொயோட்டாவுக்கு உரியது. எஞ்சினை ஓட விட்டு, லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை நகர்த்தி, 'பி'யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார் என்றது. அப்படியே செய்தேன். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே! 'வடித்ததைத் தப்பாக அளந்துவிட்டோம் போல' என்று என் பாட்டில் கணக்கையே சந்தேகப்பட்டேன். மேலும் ஊற்றினேன், பார்த்தேன், ஊற்றினேன். 700 மில்லி போன பிறகு மேல்கோட்டைத் தொட்டது. பரம திருப்தி.

ஊருக்குள் ஓட்டியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. நடுக்கமும் குறைந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை வாழப்பாடிக்குப் பக்கத்திலிருந்து போன்.

"டேய், வண்டி உறுமுது, போக மாட்டேங்குது. கீழ சிவப்பா சொட்டுதுடா."

பஸ்ஸைப் பிடித்துப் போவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அவர் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கையேடு ஒண்ணு வண்டியிலேயே கிடக்கு, பார்க்கிறியா?" என்று மட்டும் கேட்டார். இன்சூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது அது.

விஷயம் இதுதான். எஞ்சின் ஓடும்போது பம்ப் எண்ணெயை இழுத்து கன்வெர்ட்டருக்கும் கூலருக்கும் வழிகளுக்கும் நிரப்பி வைத்திருக்கும். அப்போது கீழே தங்கியிருப்பது குறைவு. எஞ்சின் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், மட்டம் உயரும். எந்த நிலைமையில் பார்ப்பது என்று ஒவ்வொரு கம்பெனியும் முடிவு செய்து, அதற்கேற்பவே டிப் ஸ்டிக்கில் கோடு போடுகிறது. டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க 'பி'யில். சான்ட்ரோ போன்ற ஹூண்டாய்களில் எஞ்சின் ஓட, 'என்'னில். எங்கள் ஹோண்டாவிலோ நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். கோடு ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் பாஷை வேறு!

கூடுதலாக ஊற்றினால் என்ன, நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மட்டம் உயர்ந்தால் சுற்றுகிற பல் சக்கரங்கள் எண்ணெய்க்குள் மூழ்கி, தயிர் கடைகிற மாதிரி கடைந்துவிடும். நுரை வரும். நுரையில் இருப்பது காற்று. காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. பிரேக் லைனில் காற்று இருந்தால் பெடல் எப்படி அமுங்கிப் போகிறதோ அப்படியே இங்கே தகடுகளைப் பிடிக்கும் அழுத்தம் போய்விடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. வழுக்குகிற தகடு சூடாகும். பொங்கிய நுரை மூச்சுக் குழாய் வழியாக வெளியே வந்து சொட்டும். ஊருக்குள் மெதுவாக ஓட்டியபோது கடைவது குறைவு, அதனால் தெரியவில்லை. நெடுஞ்சாலை வேகத்தில்தான் தெரிந்தது.

ஒரு மணி நேரம் ஆற விட்டோம். வாழப்பாடி மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சும் ஒரு டிரிப் டியூபும் வாங்கி வந்தேன். டிப் ஸ்டிக் துவாரத்தில் டியூபை விட்டு உறிஞ்சி உறிஞ்சி எடுத்தேன். 12 சிரிஞ்ச், அதாவது 600 மில்லி. மீதி 100 ரோட்டில் போயிருக்க வேண்டும். ஆக, என் பாட்டில் கணக்கு ஆரம்பத்திலேயே சரி. நான்தான் அதை நம்பவில்லை. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுபதாவது விநாடியில் எடுத்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே! சித்தப்பா அன்று அரை நாள் லீவு போட்டார். வண்டி தானாகவே வீடு வந்து சேர்ந்தது. சீக்கிரம் நிறுத்திவிட்டதால் தகடுகள் தப்பின. அவர் இன்னும் பத்து கிலோமீட்டர் பிடிவாதமாக மிதித்திருந்தால் ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன முக்கால் லட்சம் நிஜமாகியிருக்கும், அதுவும் என் கையால்.

ஒரு தடவை போதாது

வடிகிறது 2½ லிட்டர்தான். மொத்தம் உள்ளே இருப்பது 6 லிட்டர் அளவு. மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். அப்படியானால் ஒரு தடவை மாற்றினால் பழையது எவ்வளவு மிச்சம்? 3½-ஐ 6-ஆல் வகுத்தால் 58 சதவீதம். இரண்டாவது தடவை மாற்றினால் 58-ல் 58, அதாவது 34. மூன்றாவது தடவை 20. நாலாவது தடவையும் செய்தால் 12-தான் ஆகும். செலவுக்கேற்ற பலன் இல்லை. மூன்றோடு நிறுத்துவது உத்தமம். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் எல்லா கியரும் விழுகிற மாதிரி ஓட்டினால்தான் புதுசும் பழசும் கலக்கும். ரிவர்ஸையும் மறக்காதீர்கள். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்று மாற்றினோம். 7½ லிட்டர் செலவானது.

முதல் தடவைக்குப் பிறகு நடுக்கம் தினமும் வந்தது வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைந்தது. இரண்டாவதுக்குப் பிறகு ஏ.சி. போட்டு மேடு ஏறும்போது மட்டும் ஒரு சின்ன சிலிர்ப்பு. மூன்றாவதுக்குப் பிறகு இல்லை. எல்லா நடுக்கமும் இப்படித் தீரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். லாக்-அப் தகடே தேய்ந்திருந்தால் தீராது. ஆனால் முக்கால் லட்சத்துக்குப் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஏழரை லிட்டர் எண்ணெயைச் செலவழித்துப் பார்ப்பது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றவில்லை. கேனில் அடைத்து, எங்கள் பிரிவு ஒர்க்‌ஷாப்பில் கழிவு எண்ணெய்க்கென்று இருக்கிற பேரலில் சேர்த்தோம். மூன்று தடவை வடித்ததிலும் ஒவ்வொரு சின்ன பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். ஜன்னலில் வரிசையாக வைத்தால் கடுங்காப்பி, டீ டிக்காஷன், மாதுளம்பழச் சாறு.

சித்தப்பா பானெட்டின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். மூன்று தேதிகள், மூன்று கிலோமீட்டர் கணக்கு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: "எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்."